சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

எனக்கு மூக்கு கூர்மை, ஐயா. நீங்கள் நீட்டிய டம்ளரை முகர்ந்து பார்த்ததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் பழக்கம். கேனில் ரொம்ப நாள் நின்ற தண்ணீர், கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது, மற்றபடி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நீர்த்தேக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூடத்தில் தலை நரைக்கும்வரை இந்த வேலையைத்தான் பார்த்தேன். கருவிகள் எல்லாம் இருக்கின்றன, ஆனாலும் காலையில் முதல் சோதனை மூக்குதான். குடுவையை மூடிக் குலுக்கி, திறந்த உடனே முகர வேண்டும். அதற்காகவே வேலை நாட்களில் நான் பவுடர் போடுவதில்லை, வாசனை எண்ணெய் தடவுவதில்லை. "எங்க அக்கா இருக்கும்போது வீட்டுக்கு நாய் எதுக்கு?" என்று என் தம்பி போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஊரில் என்னை லேப் அம்மா என்பார்கள். வழியில் யாரைப் பார்த்தாலும் தண்ணீரைப் பற்றி ஒரு சந்தேகம் வைத்திருப்பார்கள். குழாயில் கலங்கல் வருகிறது, பிள்ளைக்கு வயிறு சரியில்லை, தொட்டி கழுவி நாளாயிற்று என்று. யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான், காய்ச்சிக் குடியுங்கள். எங்கள் படிப்பில் தண்ணீரின் எதிரி கிருமி, கிருமிக்குச் சூடு ஆகாது, அதற்கு மேல் யோசிக்க வேண்டிய தேவை வந்ததில்லை. தம்பி மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளை நாங்கள் மீன்குஞ்சு என்று கூப்பிடுவோம். பொம்மைக்குக் காய்ச்சல் என்று மடியில் போட்டுக்கொண்டு, என் மாதிரியே மூக்கை உறிஞ்சி, என் குரலிலேயே "காய்ச்சிக் குடுங்க" என்பாள். அவள் அம்மாவே ஒருமுறை நான்தான் வந்துவிட்டேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

நீங்கள் கேட்டது தெருவில் நடந்ததைப் பற்றி. அதற்குத் தம்பியிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி நீர்த்தேக்கத்தில் மிதவைக் கூண்டு போட்டு மீன் வளர்த்தான். நாலு பக்கமும் நீல பீப்பாய், நடுவில் தொங்குகிற வலை, உள்ளே மீன். கரையோரத் தெருவில் குடியிருந்தான். அந்தத் தெருவில் மற்ற எல்லோரும் படகில் போய் வலை வீசுகிறவர்கள். அவர்களுக்கு இவன் மேல் ஒரு கடுப்பு இருந்தது. கூண்டு இருக்கிற இடத்தில் வலை வீச முடியாது அல்லவா. ஆனால் அது வாய்ச்சண்டையோடு நின்றது. மாலையானால் அதே ஆட்களோடு டீக்கடையில் உட்கார்ந்து கதை அளப்பான். யாரோடும் ஒரு நாளைக்கு மேல் கோபமாக இருக்க அவனுக்கு வராது. அந்த விஷயத்தில் அவன் என் தம்பியே இல்லை.

மேட்டில் ஒரு கோழிப்பண்ணை. எச்சத்தையெல்லாம் சரிவில் மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். மழை வந்தால் அது கரைந்து நேரே தண்ணீருக்குள் வரும். பாசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. மழைக்குப் பின் நல்ல வெயிலும் அடித்துவிட்டால் போதும். போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. தண்ணீரின் மேல் பச்சை பெயிண்டைக் கொட்டியது போல ஒரு படலம். ஈர மண் வாடை, அதற்கு அடியில் அழுகல். நாற்றம் தாங்காமல் நிலையத்தில் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டு, குடிக்க லாரித் தண்ணீர்தான் விட்டோம். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. மறுநாள் விடிந்தபோது நீர்த்தேக்கம் முழுக்க வெள்ளை வயிறுகள். தம்பியின் கூண்டு மீன், தெருக்காரர்களின் வலை மீன், எல்லாம் ஒன்றாகச் செத்துக் கிடந்தன.

தம்பி முதல் நாள் பொழுதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று செத்த மீனை அள்ளினான். வாயிலும் மூக்கிலும் அந்தத் தண்ணீர் போயிருக்கும். இரண்டாம் நாள்தான் கோழிப்பண்ணைக்காரர் தெருவுக்கு வந்தார். கையில் குடை, முகத்தில் துக்கம். தெருவில் பாதிப் பேருக்கு அவர் பண்ணையில் யாராவது ஒருவர் வேலை செய்கிறார்கள், அதனால் அவர் வந்தால் நாற்காலி தானாக வரும். கூண்டில் மீன் சீக்கிரம் வளர ஏதோ மருந்து கொட்டியிருக்கிறான், அது ஊர் மீனையெல்லாம் கொன்றுவிட்டது என்றார். அவன் மீனும்தானே செத்தது என்று ஒருத்தர் கேட்டார். அளவு தப்பிப் போயிருக்கும் என்றார். பழியைத் தூக்கி இன்னொருத்தன் தலையில் வைப்பதற்கு அதிக நேரம் ஆகாது, ஐயா. ஒரு நாற்காலியும் ஒரு குடையும் போதும்.

தம்பி சத்தியம் செய்தான். மருந்து எதுவும் போடவில்லை என்றான். போடவில்லை என்றால் அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்டு என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குடம் மொண்டு வந்துவிட்டார்கள். பச்சையாக, கெட்டியாக இருந்தது. நானும் அங்கே இருந்தேன், கூட்டத்தின் ஓரத்தில். ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அப்போதுதான் ஒரு பெண் குரல் கேட்டது. "காய்ச்சிக் குடுங்க." கத்தல் அடங்கியது. அது நியாயமாகப் பட்டது எல்லோருக்கும். பச்சைத் தண்ணீரைக் கொடுத்துக் கிருமியால் ஏதாவது ஆனால் கெட்ட பெயர், காய்ச்சிக் கொடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

டீக்கடைக்காரி அடுப்பைப் பற்றவைத்தாள். பெரிய பாத்திரத்தில் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, ஆற்றிக்கூடக் கொடுத்தார்கள். வடிகட்டிய தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருந்தது. தம்பி சொம்பை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தான். கூட்டத்தின் இரைச்சலில் எனக்கு அது கேட்கவில்லை. ஒரு சொம்பு குடித்தான். இன்னொன்று என்றார்கள், அதையும் குடித்தான். பாத்திரம் காலியாகும்வரை விடவில்லை. பிறகு ஒருத்தன் அவன் தோளில் தட்டி, சரிப்பா, நீ மருந்து போடலை, நம்புறோம் என்றான். கூட்டம் கலைந்தது. கோழிப்பண்ணைக்காரர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே வாந்தி. தம்பிக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை கண்டு பிழைத்த உடம்பு. ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். அவன் கண் மஞ்சளாகி, பிறகு தோல் மஞ்சளாகி, கடைசியில் என்னையே யார் என்று கேட்டான். டாக்டர் என்னிடம், எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று கேட்டார். காய்ச்சிய தண்ணீர்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பாசிக்குள் விஷம் இருக்கிறது, அது சூட்டுக்கு மசியாது என்று அவர்தான் சொன்னார். பாசி என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகள். கொதிக்க வைத்தால் பை உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். துணியில் வடிகட்டினால் பை மட்டும்தான் நிற்கும். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் குறையும், விஷம் குறையாது. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது. எங்கள் பாடத்தில்தான் இல்லை. தெருவில் யாரிடமும் இதை நான் சொல்லவில்லை.

தம்பி போய்விட்டான். உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். யாரும் விஷம் கொடுக்கவில்லை, அவனாகத்தான் குடித்தான், அதுவும் காய்ச்சிய தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். தெரு கையைக் கழுவிக்கொண்டது. கோழிப்பண்ணைக்காரர் துக்கம் கேட்க வந்து, நல்ல பையன் என்றார். அவர் சொன்ன மருந்துக் கதையைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. டீக்கடையில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன். என் தம்பியைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் அவர்கள் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோழிப்பண்ணைக்காரரையும், குடம் மொண்டவனையும், அடுப்பு மூட்டியவளையும் எனக்குத் தெரியும். தெரியாதது அந்தக் குரல் மட்டும்தான். அவளைத்தான் எனக்கு முதலில் வேண்டும் என்று தோன்றியது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தே கூட்டம் பின்வாங்கியிருக்கும். அவ்வளவு அசிங்கமாக இருந்தது அது. காய்ச்சச் சொன்னதால்தான் அது குடிக்கிற தண்ணீராக ஆயிற்று.

விடுமுறை நாட்களில் தெருவில் போய் வீடு வீடாக உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். டீக்கடைக்காரி, வலை பின்னுகிறவள், பண்ணையில் முட்டை அடுக்குகிற அக்கா தங்கை இருவர், எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டேன். யாருடைய குரலும் பொருந்தவில்லை. நேராகவே கேட்டும் பார்த்தேன். நான் இல்லை என்றார்கள். வலை பின்னுகிறவள் மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். எல்லோரும் சேர்ந்து ஒருத்தியைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஒருத்தியைக் காட்டிக்கொடுக்காத தெரு முழுக்கவே குற்றவாளிதான். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தம்பி மனைவி அந்தச் சமயத்தில்தான் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு விதமாக ஆட்டும். நான் போனால் மீன்குஞ்சைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். குழந்தை சன்னல் கம்பிக்குள் கையை விட்டு அத்தை என்று ஆட்டும். அந்தக் கையையாவது பிடித்துவிட்டு வருவேன்.

இந்த வருஷமும் மழை வந்தது, வெயில் வந்தது. குடுவையைத் திறந்தபோது அந்த ஈர மண் வாடை லேசாக அடித்தது. மற்ற யாருக்கும் அது தெரிந்திருக்காது. கண்ணுக்குப் பச்சை தெரிய இன்னும் நாள் இருந்தது. என் வேலை என்னவென்றால், உடனே இன்ஜினியரிடம் போய், பாசி வருகிறது, தண்ணீர் எடுப்பதை நிறுத்துங்கள், லாரியில் வெளித் தண்ணீர் கொண்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இன்ஜினியர் நல்ல பையன், நான் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டான்.

மாதிரிகளை ஒழுங்காகச் சோதித்தேன். விஷம் இருந்தது. பிறகு இன்ஜினியரிடம் போய், கிருமி கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிடலாம் என்றேன். அவன் பம்பு ரிப்பேரில் முழுகிக் கிடந்தான். சரிம்மா, நீங்களே அறிவிப்பு எழுதிக் கொடுத்துடுங்க என்றான். எழுதினேன். குடிநீரை நன்கு காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டிக் குடிக்கவும். அந்த நிலையம் தண்ணீர் கொடுப்பது கரையோரத் தெருவுக்கும் மேட்டுக்கும் மட்டும்தான். நகரத்துக்கு வேறு குழாய், வேறு நீர்த்தேக்கம். அதையெல்லாம் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை நான். சம்பந்தமில்லாத ஒருத்தருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

கோழிப்பண்ணைக்காரர் நேரில் வந்தார். பண்ணையில் கோழிகள் சோர்ந்து விழுகின்றன, தண்ணீரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். சோதனைக்கூடத்தில் உட்கார இடம் கொடுத்தேன். இந்த முறையும் குடை வைத்திருந்தார்.

"கோழிக்குக் காய்ச்சியா குடுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"கோழிக்கு யாரும்மா காய்ச்சுவா?"

"அதான். நீங்க காய்ச்சிக் குடிக்கிறீங்கல்ல?"

"மூணு வேளையும் காய்ச்சிதான்."

"சும்மா சூடு பண்ணா போதாது. பாலைச் சுண்டக் காய்ச்சுற மாதிரி, பாதியா வர்ற வரைக்கும் காய்ச்சணும்."

அவர் தலையாட்டினார். எழுந்தவர் கதவருகே நின்று, "அன்னைக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்கம்மா. யாருக்கு என்ன தெரியும்" என்றார்.

"அதையெல்லாம் அப்பவே விட்டாச்சு" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை நான் ருசித்துச் சாப்பிட்டேன். தம்பி போன பிறகு உப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்தது அன்றுதான்.

இனி மீன்குஞ்சைப் பற்றிக் கேட்பீர்கள். அவளை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அறிவிப்பு போன அன்றே நகரத்திலிருந்து நாலைந்து கேன் நல்ல தண்ணீர் வாங்கி, வண்டியில் வைத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். தம்பி மனைவி திறக்கவில்லை. இதைத்தான் குடிக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். "காய்ச்சிக் குடிக்கச் சொன்னதும் நீங்கதான, அண்ணி? இப்ப இது என்ன புதுசா? உங்க கையால எதுவும் வேண்டாம், போங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. காய்ச்சினாலும் அது விஷம் என்று உரக்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கேட்டிருப்பாள், குழந்தை விஷயம் ஆயிற்றே. ஆனால் எதிர்வீட்டுச் சன்னலில் டீக்கடைக்காரி நின்றாள். பக்கத்து வாசலில் குடம் மொண்டவன் நின்றான். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குச் சொன்னால் எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

கேன்களை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவை நிலையத்தின் கேட்டுக்கு வெளியே கிடந்தன, மூடி திறக்காமல். இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கோழிப்பண்ணைக்காரர் முதலில் போனார். டீக்கடைக்காரியும் குடம் மொண்டவனும் பின்னால். எத்தனை பேர் என்று நீங்கள் சொன்னீர்கள், நான் எண்ணவில்லை. சின்னப் பிள்ளைகளும் உண்டு என்றீர்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளும் நின்றார்கள், ஐயா. ஒருத்தன் அப்பன் தோளில் ஏறி நின்று பார்த்தான். விஷம் இருக்கிறது என்று தெரிந்துதான் நான் காய்ச்சச் சொன்னேன். தெரு முழுக்கப் படுக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இதை எத்தனை முறை கேட்டாலும் இப்படியேதான் சொல்வேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். மீன்குஞ்சு இன்னும் கண் திறக்கவில்லை என்று காலையில் சொன்னீர்கள். அது அவள் அம்மாவின் பிடிவாதம். அவளை ஒருமுறை பார்க்க விடுங்கள் என்று அப்போதே கேட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள முடியாது. தம்பி மனைவி கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். அன்று கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தியபோது, லேப் அம்மா இருக்காங்களே, அவங்களைக் கேளுங்க என்று யாரோ சொன்னார்களாம். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்களாம். நான் மூக்கை உறிஞ்சிவிட்டு, காய்ச்சிக் குடுங்க என்றேனாம். சொம்பை வாங்கிக்கொண்டு தம்பி சிரித்தபடி, "எங்க அக்காவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன? குடுங்க" என்றானாம். வலை பின்னுகிறவளும் அப்படியே சொல்லியிருக்கிறாள் என்றீர்கள்.

தம்பி அப்படிச் சொல்லக்கூடியவன்தான். அவனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் நான் ஓரத்தில்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தார்கள், அது உண்மை. வாயைத் திறந்தேனா என்பது எனக்கு நினைவில் இல்லை. நாள் தவறாமல் நூறு பேருக்குச் சொல்கிற வார்த்தை அது, எந்த நாள் யாருக்குச் சொன்னேன் என்று எப்படி நினைவிருக்கும்? சரி, ஒரு பேச்சுக்கு நான்தான் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாசிக்குள் விஷம் இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தவர்களைப் போய் யாராவது தண்டிப்பார்களா, ஐயா?